நீலக் கறை படிந்த ஓக் பலகை

ஓய்வு பெற்று மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஒக்டோபரில் ஒரு காலை, நான் வேலை செய்த மர யார்டிலிருந்து மனேஜர் ஹெலன் போன் எடுத்தாள். சுகம் விசாரித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள். வெளிநாட்டு மரம் வாங்குகிறவர்கள் இப்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கேள்வி: அந்த நாட்டார் தங்கள் காட்டையும் நிலத்தையும் அக்கறையோடு பார்த்துக்கொள்கிறார்களா? பக்கத்தில் ஆம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி.

"அமெரிக்காவுக்கு எதில் சரி போடுவது ராஜ்? இத்தனை வருடம் அவர்களுடைய மரத்தைத்தானே பார்த்தீர்கள்?" என்றாள்.

யோசிக்க நேரம் வேண்டும் என்றேன். ஒரு சரி போடுவதற்கு என்ன யோசனை என்று அவள் சிரித்தாள். சரி, ஆம் என்று போடு என்றேன். மதியம் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பியதும் மனம் கேட்கவில்லை. திரும்பப் போன் எடுத்து, இல்லை என்று மாற்று என்றேன். அதற்குள் படிவம் போய்விட்டது. ஆக, லண்டன் அரசாங்கக் கோப்பு ஒன்றில் அமெரிக்கர்கள் நல்லவர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள் என்றால் அதற்கு என் மத்தியானத் தூக்கமும் ஒரு காரணம்.

படிவம் போனாலும் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனன் வா வா என்று கூப்பிட்டு அலுத்து விட்டுவிட்டான். ஆனால் கிழக்கு லண்டனில் அந்த யார்டில் நின்றபடியே அந்த நாட்டு ஓக்கையும் வால்நட்டையும் மேப்பிளையும் பலகை பலகையாகப் புரட்டியிருக்கிறேன். சுற்றுலா போகிறவர்கள் ஒரு நாட்டின் வெளிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். எனக்குக் கிடைத்தது உள்பக்கம்.

வேலைக்குச் சேர்ந்த கதை சுருக்கமானது. எண்பதுகளின் பிற்பகுதியில் வந்திறங்கி, குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலிருந்து கடிதம் வருமா வருமா என்று தபால்காரரின் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த ஆட்களில் நானும் ஒருவன். வேலை செய்யலாம் என்று கடிதம் வந்ததும் நண்பன் ஒருவன் கைகாட்டிய இடம் இந்த யார்ட். முதல் வருடம் மரத்தூள் கூட்டினேன். இரண்டாம் வருடம் பலகை தூக்கினேன். மூன்றாம் வருடம் போர்மன் டெரிக் என் கையில் ஒரு நீல மெழுகுச் சோக்கைத் தந்தார். அன்றிலிருந்து நான் மரம் பார்த்துத் தரம் போடுகிறவன்.

டெரிக் நெட்டையான ஆங்கிலேயர். காதில் பென்சில், கையில் பிளாஸ்க் மூடியில் ஊற்றிய தேநீர். குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. அவர் வாயில் வருவது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "திருப்பிப் பார்." அமெரிக்கப் பலகைக்குத் தரம் போடும் முறை அப்படி. பலகைக்கு இரண்டு முகம். வீடு விற்கிறவன் புதிதாகப் பெயின்ற் அடித்த அறையைத்தான் முதலில் காட்டுவான். மரம் விற்கிறவனும் நல்ல முகத்தைத்தான் மேலே வைப்பான். தரம் போடுவதோ மோசமான முகத்தை வைத்து. பித்தளைக் கொக்கி பூட்டிய நீண்ட அளவுகோலால் பலகையின் விளிம்பைப் பிடித்து இழுத்து, அகலம் பார்த்து, அதே கொக்கியால் புரட்டவேண்டும். மோசமான முகத்தில் கணு எங்கே, வெடிப்பு எங்கே, பூச்சித் துளை எங்கே என்று பார்த்து, அவற்றுக்கு நடுவே சுத்தமாக எத்தனை துண்டு வெட்டி எடுக்கலாம் என்று மனதுக்குள் கூட்டி, சோக்கால் அடையாளம் போடவேண்டும். இவ்வளவுக்கும் பத்து விநாடி. அதற்குப் பிறகு இரண்டு ஊசி உள்ள கருவியைக் குத்தி ஈரம் பார்ப்பது.

கடைசி வேலை ஒன்று உண்டு. பண்ணைகளை ஒட்டியுள்ள சின்ன மில்களிலிருந்து வரும் மரத்துக்கு மட்டும் இரும்பு தேடும் கருவி வைத்துப் பார்க்கவேண்டும். நீண்ட கைப்பிடி போட்ட அயர்ன் பெட்டி மாதிரி இருக்கும். ஆழக் காட்டில் நின்ற மரத்தில் இரும்பு இருக்காது. மனிதர் பக்கத்தில் நின்ற மரத்தில் ஆணியோ கம்பியோ என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கட்டுப் பலகையைப் பிரித்துப் பரப்பி, பலகை பலகையாக மெல்ல நகர்த்திப் பார்த்து முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். முடித்துவிட்டுத் தாளில் கையெழுத்து வைக்கவேண்டும்.

பிழை விட்டால் டெரிக் ஏசமாட்டார். கையை நீட்டுவார். சோக்கை அந்தக் கையில் வைக்கவேண்டும். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். அன்று முழுக்கப் பலகை தூக்கவேண்டியதுதான். மறுநாள் காலை வந்து பார்த்தால் சோக் நம்முடைய கட்டின்மேல் இருக்கும். முதல் வருடத்தில் நான் நான்கு முறை சோக் இழந்தேன். ஏச்சு வாங்கியிருந்தால் ஒரே நாளில் மறந்திருப்பேன்.

இனி அமெரிக்கர்களுக்கு வருகிறேன். தொடக்க காலத்தில் அவர்கள் மரக் கட்டுகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்து அனுப்பிய கட்டைகளைப் பார்த்து நான் வாயைப் பிளந்திருக்கிறேன். நல்ல ஓக், நல்ல மேப்பிள். எங்கள் ஊரில் அதில் ஒரு துண்டு கிடைத்தால் அலுமாரி செய்து மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பார்கள். அவர்கள் அதைப் பலகைக்கு அடியில் போட்டு அனுப்பினார்கள், நாங்கள் குப்பைத் தொட்டியில் எறிந்தோம். எறிவதற்கு மனம் வராமல் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து சாமித்தட்டு அடித்தேன்.

"இஞ்சருங்கோ, அமெரிக்காக்காரன் எறிஞ்ச பலகையிலையோ பிள்ளையாரை வைக்கிறது?" என்று என் மனைவி புவனா கேட்டாள்.

"பிள்ளையார் பாரம் கூடின ஆள். அவருக்கு ஓக்தான் சரி" என்றேன்.

கேள்விப்பட்டவர்கள் எங்களுக்கும் ஒன்று என்று கேட்க, நாங்கள் குடியிருந்த ஈஸ்ட் ஹாமில் ஏழெட்டு வீடுகளில் சாமிகள் அமெரிக்கக் கழிவின்மேல் குடியேறினார்கள்.

இன்னொரு முறை ஒரு பெரிய கம்பனியின் விற்பனையாளர் வந்தார். ஒரு மரம் வெட்டினால் மூன்று நடுகிறோம் என்று வழவழத்த தாளில் அச்சடித்த புத்தகம் கொடுத்தார். காட்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் கண் கலங்கப் பேசினார். அந்த ஒரு மணித்தியாலமும் அவருடைய வாடகைக் கார் வாசலில் என்ஜின் ஓடியபடி நின்றது, திரும்பப் போகும்போது உள்ளே சூடாக இருக்கவேண்டுமாம். இதை வைத்து நான் அவருக்குத் தரம் போட்டுவிட்டேன். ஆனால் காரில் ஏறப்போனவர் குனிந்து, எங்கள் ஆட்கள் எறிந்த சொக்லேட் தாள் ஒன்றை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது எங்கள் யார்ட், எங்கள் குப்பை. அவரைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முன்தோட்டம் முழுக்கச் சிமெந்து போட்டு மூடிக் கார் விட்டிருக்கும் நான் இதையெல்லாம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்டால், கேட்காதீர்கள் என்பதுதான் பதில்.

மார்த்தா வேறு மாதிரி. அமெரிக்காவின் கிழக்கே, மலைப்பக்கமாக, இரண்டு வேலையாட்களோடு சின்ன மில் நடத்தியவள். மரமும் அவளுடைய காட்டு மரம்தான். வருடத்துக்கு மூன்று முறை கொஞ்ச மரம் அனுப்புவாள். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் பிளாஸ்டிக் உறையில் கையால் எழுதிய ஒரு தாள் இருக்கும். 'இதன் உச்சியைக் காற்று முறித்துவிட்டது.' 'இது மூன்று சின்ன மரங்களுக்கு வெயில் விடாமல் நின்றது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன்.' நம் ஆட்கள் பிள்ளைக்குச் சாதகக் குறிப்பு எழுதுவதைப் பற்றி நான் ஒருமுறை யார்டில் சொல்லிவைக்க, "ராஜின் சாதகம் வந்திருக்கிறது" என்று வெள்ளைக்காரப் பொடியள் கத்துவார்கள். அந்தத் தாள்களை நான் எறியவில்லை. ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்த்து வைத்தேன்.

அவளுடைய மரத்தில் ஒருபோதும் இரும்பு வந்ததில்லை. மன்னிப்புக் கேட்டு மரம் வெட்டுகிறவளின் பலகைக்குள் ஆணி எப்படி வரும்? கடைசி ஐந்து வருடமும் அவளுடைய கட்டுகளுக்குக் கருவி வைத்துப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். தாளில் மட்டும் கையெழுத்து வைத்தேன். அதைப் பொய்க் கையெழுத்து என்று ஒருநாளும் நான் நினைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தபோது லண்டனில் வீடு கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். யார்டில் மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புதிதாக வந்த ஹெலன், மரம் அனுப்புகிறவர்களின் பெயர்களை எழுதிக் கந்தோர்ச் சுவரில் ஒட்டினாள். பெரியவர்கள் இருக்கட்டும், சின்ன மில்களில் எதன்மேலாவது ஒரு முறைப்பாடு வந்தால் அடுத்த நாளே அதை வெட்டுவது என்று சொல்லிவிட்டாள். பட்டியலின் கடைசிப் பெயர் மார்த்தாவின் மில். எங்கள் ஓடரில்தான் தன் இரண்டு வேலையாட்களுக்கும் குளிர்காலச் சம்பளம் கொடுக்கிறேன் என்று அவள் ஒரு தாளில் எழுதியிருந்தாள்.

ஏப்ரலில் ஜெயந்தனிடமிருந்து போன் வந்தது. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவன், எங்கள் வாடிக்கையாளன். பதினான்கு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவன்.

"அண்ணை, உங்கட அமெரிக்கா மரம் என்ர மெஷினைத் திண்டிட்டுது. உடனை வாங்கோ."

ரயிலும் டிராமும் மாறிப் போனேன். பலகை சீவுகிற மெஷின் திறந்து கிடந்தது, பிளேட் இரண்டும் பல் விழுந்த கிழவனின் வாய் மாதிரி. ஜெயந்தனின் கன்னத்தில் பிளாஸ்ரர்.

"ஒரு விரல் அளவு தள்ளிப் பட்டிருந்தா கண் போயிருக்கும். ஜெர்மனியிலை எண்டா இப்பிடி ஒரு பலகை கடை வாசலுக்கே வந்திராது."

"ஏன், ஜெர்மனியிலை மரத்துக்கும் விசா பாப்பாங்களோ?"

"பகிடி விடுறீங்கள். நகைக்கடைக்காரற்ற புது வீட்டுப் படி இது. வாற மாதம் பால் காய்ச்சிறதுக்கு நாள் வைச்சாச்சு. சனம் எல்லாம் கீழை நிண்டு மேல்வீட்டை அண்ணாந்து பாத்திட்டுப் போறதோ?"

பலகையைத் திருப்பினேன். மோசமான முகத்தில் மை சிந்தியது போல ஒரு கருநீலக் கறை. ஓக்குக்குள் இரும்பு இருந்தால் இப்படித்தான் கறுக்கும். மரத்தின் இயல்பான கீற்று வேறு, அது மண்ணிறமாக நீளத்துக்கு ஓடும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில் டெரிக் சோக் கொடுக்கமாட்டார். பலகையின் ஓரத்தில் என் நீல அடையாளம் இருந்தது. பெப்ரவரியில் இந்தக் கறையை நான் பார்த்திருந்தேன். மார்த்தாவின் மரம்தானே, இயல்பான கீற்றாக இருக்கும் என்று சரி போட்டதும் நினைவில் இருந்தது.

கறையை ஒட்டி அறுத்துப் பார்த்தோம். உள்ளே இரண்டு கால் உள்ள வேலி ஆணி ஒன்று, விரல் நீளத்தில் முள்கம்பி. அதற்கு மேலே மரம் எழுபது சொச்சம் வளையம் வளர்ந்து மூடியிருந்தது.

"பாத்தீங்களே அண்ணை! உயிரோடை நிண்ட மரத்திலை வேலியை அடிச்சிருக்கிறாங்கள். ஒரு கட்டை நட ஏலாத சோம்பேறியள். அமெரிக்காக்காரன்ர பிழை எண்டு எழுதுங்கோ."

"நாளைக்கு எழுதுறன்" என்றேன்.

முறைப்பாட்டு அறிக்கையில் ஒன்றைத்தான் எழுதலாம். வெளியில் தெரியாத குறை என்றால் பழி மில்லுக்கு. வெளியில் தெரிந்த குறை என்றால் பழி பார்த்தவனுக்கு. எப்படி எழுதினாலும் ஜெயந்தனுக்குப் புது பிளேட் வந்துவிடும். முதலாவதை எழுதினால் மார்த்தாவின் பெயர் சுவரிலிருந்து போகும், ஜூலையில் ஓய்வு பெறும்போது எனக்குத் தேநீரும் கேக்கும் கைக்கடிகாரமும் வைத்து வழியனுப்புவார்கள். அவளை நான் கண்டதில்லை, அவளுடைய எழுத்தைத்தான் கண்டிருக்கிறேன். டிராமில் இருந்தபடி, 'வெளியில் தெரியாத குறை' என்ற வசனத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

காலையில் அறுத்த துண்டை டெரிக்கின் மேசையில் வைத்தேன். வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தார். கறையைக் கண்டார்.

"இரும்புக் கருவி வைத்துப் பார்த்தாயா?" என்றவர், நான் வாய் திறப்பதற்குள், "பெப்ரவரியில் உன் ஊர்ச் செய்திகள் மோசமாக இருந்தன. மனம் வேலையில் இருந்திருக்காது. அப்படித்தானே?" என்றார்.

எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஊரில் போர் முற்றிய அந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் எவருக்கும் மனம் வேலையில் இல்லை. ஷிப்ட் முடிந்ததும் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்தின் முன்னால் சனத்தோடு சனமாக நின்றேன். புவனா தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பிடாமல் இருந்தாள். ஆனால் அன்று நான் கருவியை எடுக்காததற்கு அது காரணமில்லை. அந்தத் துயரத்தின் தலையில் என் சோம்பலைக் கட்டிவிட என்னால் ஏலவில்லை.

"இல்லை டெரிக். அன்று மட்டும் இல்லை. அவளுடைய மரத்துக்கு ஐந்து வருடமாக நான் கருவி வைக்கவில்லை. கறையையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சரி போட்டேன்."

டெரிக் கையை நீட்டினார். அறுபத்து நான்கு வயதில் சோக்கை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

அறிக்கையை அவரே எழுதினார். ஹெலன் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தாள். பிளேட்டும் புதுப் பலகையும் யார்ட் கொடுத்தது. மார்த்தாவின் பெயர் சுவரில் இருந்தது. மீதி நாட்களில் யார்டில் கிடந்த ஒவ்வொரு கட்டுக்கும் நான் கருவி வைத்துப் பார்க்கவேண்டும் என்பது டெரிக்கின் தீர்ப்பு. ஏர்போர்ட் செக்யூரிட்டி என்று பொடியள் பட்டம் வைத்தார்கள். சோக் மறுநாள் வரவில்லை. பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

நடந்ததை டெரிக் மார்த்தாவுக்கு எழுதினார். ஜூனில் பதில் வந்தது. நகைக்கடைக்காரர் வீட்டுப் படி பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் முடிந்துவிட்டது, ஜெயந்தன் அடுத்த வேலைக்கு மரம் எடுக்க யார்டுக்கு வந்திருந்தான். தேநீர் நேரத்தில் டெரிக் கடிதத்தை எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

மார்த்தா அந்த மரத்தின் அடிக்கட்டையைத் தேடிப் போயிருக்கிறாள். அவளுடைய பாட்டன் ஒரு காலத்தில் மாடு வளர்த்த ஓரம் அது. வேலிக்குக் கட்டை நடப் பஞ்சிப்பட்டு, வரிசையாக நின்ற ஓக் மரங்களிலேயே கம்பியை அடித்துவிட்டிருக்கிறார். அந்த வரிசையில் இன்னும் பதினொரு மரங்கள் நின்றன. இரும்புக் கருவியை வைத்தபோது பதினொன்றிலும் அது கத்தியது. அதில் நான்கை வரும் குளிர்காலத்தில் வெட்டி விற்க அவள் நினைத்திருந்தாளாம். 'இனி என் மில்லும் இவற்றைத் தொடாது, வேறு எந்த மில்லும் தொடாது. தாமாக விழும்வரை நிற்கட்டும். என் அப்பாவுக்கு இந்தக் காடு உயிர். ஆனாலும் கஷ்ட காலம் வந்தபோதெல்லாம் பெரிய ஓக்கைத்தான் விற்றார், ஒன்றைக்கூட அவரால் காப்பாற்ற முடியவில்லை. தன் கதிரையைத் தவிர வேறெதையும் நேசிக்காத பாட்டன் பதினொன்றைக் காப்பாற்றிவிட்டார். கன்னத்தில் காயம்பட்ட மனிதரிடம் எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.'

ஜெயந்தன்தான் முதலில் வாய் திறந்தான்.

"அண்ணை, அவவுக்கு எழுதுங்கோ. என்ர கன்னம் வெட்டுப்பட்டபடியாத்தான் அந்தப் பதினொண்டும் தப்பினது. ஒரு மரத்துக்கு என்ர பேரை வைக்கச் சொல்லுங்கோ."

பகிடியாகத்தான் சொன்னான். நானும் பகிடியாகத்தான் எழுதிப்போட்டேன்.

ஜூலையில் என் கடைசி நாளன்று தேநீரும் கேக்கும் இருந்தன, கைக்கடிகாரம் இல்லை. மார்த்தாவிடமிருந்து ஒரு உறை வந்திருந்தது. உள்ளே ஒரு படம். பெரிய ஓக் மரம், பக்கத்தில் றப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண். நான் நினைத்ததைவிட வயதானவள். மரத்தில் சின்னப் பலகை ஒன்று தொங்கியது, அதில் ஜெயந்தன் என்ற பெயர் ஆங்கிலத்தில், ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாமல். படத்தின் பின்னால் எழுதியிருந்தாள்: 'ஆணி அடிக்கவில்லை. கயிற்றால் கட்டியிருக்கிறேன். மரம் பருக்கப் பருக்க ஒவ்வொரு வசந்தத்திலும் தளர்த்திவிடுவேன்.'

அடுத்த நாள் படத்தை மிச்சம் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஜெயந்தன் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான்.

"அண்ணை, இது நைலோன் கயிறு போலை கிடக்கு. பட்டையை வெட்டிப்போடும். நல்ல தென்னந்தும்புக் கயிறாப் பாத்து அனுப்பவேணும்."

"ஜெர்மன் கயிறோ?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

"பகிடி விடாதீங்கோ அண்ணை. ஊரிலை இருந்த வீடு சண்டையிலை அழிஞ்சு போச்சு. ஜெர்மனியிலை இருந்ததும் வாடகை வீடு, இஞ்சையும் வாடகை. இந்த உலகத்திலை என்ர பேரோடை மண்ணிலை ஊண்டி நிக்கிறது இது ஒண்டுதான்."

நான் எழும்பினேன். ஈஸ்ட் ஹாமில் எந்தக் கடையில் தும்புக் கயிறு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.